முழங்கால் ஜெல்லை முகத்தில் போடலாமா? வெயில் கெடுத்த தோலுக்கான டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தப்பாவின் வழுக்கைத் தலையில் இரண்டு மூன்று இடங்களில் சொரசொரப்பு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. விரலால் தடவினால்தான் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி இருக்கும். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு 'ஆக்டினிக் கெரட்டோசிஸ்' என்று சொல்லி ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். சீட்டைப் படித்த சித்தப்பா, "டைக்ளோஃபெனாக்தானே, முழங்காலுக்குப் போடுவது வீட்டிலேயே கிடக்கிறதே" என்று அலமாரியிலிருந்து பழைய டியூபை எடுத்துவிட்டார்.

மருந்தின் பெயர் ஒன்றுதான், ஆனால் அந்த டியூப் வேறு. மூட்டு வலிக்கு வரும் ஜெல்லில் டைக்ளோஃபெனாக் சுமார் 1 சதவீதம் இருக்கும். வெயிலால் வந்த இந்தத் தோல் பிரச்சினைக்கு எழுதித் தருவது 3 சதவீத ஜெல். கூடவே 2.5 சதவீதம் ஹையலுரோனிக் அமிலம் சேர்த்திருப்பார்கள், மருந்து மேல்தோலிலேயே தங்கி வேலை செய்வதற்காக. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்ததும் ஆக்டினிக் கெரட்டோசிஸுக்குத்தான், வலிக்கு அல்ல. ஆகவே 1 சதவீதத்தை மூன்று மடங்கு அப்பிக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே மாதிரி, 3 சதவீத டியூபை முதுகு வலிக்கு எடுத்துத் தேய்ப்பதும் கூடாது. இந்த ஜெல்லில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு, வலி ஜெல் போட்டுப் பழகிய கைதான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு குழப்பம் 'வெயிலால் கெட்ட தோல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வெயிலில் அலைந்து முகம் கறுத்துப் போனால், கன்னத்தில் கருந்திட்டு வந்தால், சுருக்கம் விழுந்தால் இதைப் போடலாமா? கூடாது. நேற்று வெயிலில் நின்று இன்று சிவந்து எரிகிற தோலுக்கும் இது மருந்தில்லை, எரிகிற தோலில் போட்டால் இன்னும் மோசமாகத்தான் ஆகும். ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்பது பல வருடங்களாகப் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்தோல் செல்களின் மரபணுவே பழுதாகிப்போன நிலை. நெற்றி, மூக்கு, காது மடல், வழுக்கை விழுந்த உச்சி, புறங்கை என்று வெயில் நேராக விழும் இடங்களில்தான் வரும். வெளிர் நிறத் தோல் உள்ளவர்கள், தோலில் நிறமி இல்லாமல் பிறந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இந்தத் திட்டுகளில் ஒரு சிறு பங்கு காலப்போக்கில் 'ஸ்குவாமஸ் செல்' வகைத் தோல் புற்றுநோயாக மாறலாம். எது மாறும், எது அப்படியே இருக்கும் என்று வெறுமனே பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால்தான், 'நாமே பார்த்து நாமே போட்டுக்கொள்வது' என்பதை எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். திட்டு தடித்து மேடாகிறதா, அடியில் கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, ரத்தம் கசிகிறதா, புண்ணாகி ஆறாமல் இருக்கிறதா, சில வாரங்களிலேயே பெரிதாகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஜெல்லைத் தொடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு துளி தோலை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். அந்த மாதிரித் திட்டில் மூன்று மாதம் ஜெல் தடவிக் காத்திருந்தால், அந்த மூன்று மாதம் கைவிட்டுப் போனதுதான்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது, சரியான டியூபும் கையில் இருக்கிறது. எவ்வளவு போடுவது? 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் அளவுள்ள இடத்துக்கு அரை கிராம், அதாவது ஒரு பட்டாணி அளவு. நாளுக்கு இரண்டு வேளை. மெதுவாகத் தடவினால் போதும், வலி ஜெல் மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஸ்டீராய்டு களிம்பு போட்டுப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஏனென்றால் அதே அரை கிராம் ஸ்டீராய்டை இரண்டு உள்ளங்கை அளவுக்கு இழுத்துப் பூசச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சிக்கனம் இங்கே உதவாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு இடம் என்றாலும் நாளுக்கு 1 கிராம், 90 நாளுக்கு 90 கிராம். இரண்டு மாதம் கழித்தும் 100 கிராம் டியூப் முக்கால்வாசி நிறைந்தே இருந்தால், நீங்கள் போடுவது பத்தவில்லை என்று அர்த்தம். இடங்கள் அதிகம் இருந்தால் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். நாளொன்றுக்கு மொத்தம் 8 கிராமைத் தாண்டக் கூடாது.

காலம்தான் பலருடைய பொறுமையைச் சோதிக்கும். இது 60 முதல் 90 நாள் வரை போட வேண்டிய மருந்து. வலி ஜெல் சில நாட்களிலேயே இதம் தரும், இது மூன்று வாரம் ஆனாலும் ஒன்றும் செய்யாதது போலவே இருக்கும். சித்தப்பா மருத்துவர் எழுதிய டியூபை வாங்கிய பிறகும் இருபதாவது நாளில் நிறுத்திவிட்டார், "தண்டச் செலவு" என்று சொல்லி. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு: முழுப் பலனும் தெரிய, மருந்தை நிறுத்திய பிறகு இன்னும் 30 நாள் வரை ஆகலாம். அதற்குள் கண்ணாடி முன் நின்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு வழக்கமான அளவையே போடுங்கள், சேர்த்து இரட்டிப்பாக வேண்டாம்.

போட்ட இடத்தில் என்ன நடந்தால் சரி, என்ன நடந்தால் தப்பு என்பதில்தான் நிறையக் குழப்பம். ஆக்டினிக் கெரட்டோசிஸுக்கே தரும் ஃப்ளூரோயுராசில் களிம்பு தோலைச் சிவக்க வைத்து, பொருக்குத் தட்டச் செய்துதான் வேலை செய்யும். அதைப் பயன்படுத்தியவர் யாராவது, "எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது" என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்தப் பாடம் இந்த ஜெல்லுக்குப் பொருந்தாது. லேசான அரிப்பு, வறட்சி, மெல்லிய உரிதல், கொஞ்சம் சிவப்பு ஆகியவை சகஜம். கொப்புளம், நீர் கசிவு, போட்ட இடத்தைத் தாண்டிப் பரவும் தடிப்பு, முகமோ உதடோ வீங்குவது போன்றவை ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் வெயில். நோயைக் கொண்டுவந்ததே வெயில்தான், போதாக்குறைக்கு இந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கவும் செய்யும். காலையில் ஜெல்லைத் தடவிவிட்டு வெறுந்தலையோடு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவது, ஒரு கையால் மருந்து போட்டு மறு கையால் நோயை வளர்ப்பது போலத்தான். அகலமான விளிம்புள்ள தொப்பி, முழுக்கை உடை, நிழல் இவைதான் முதல் காவல். மேகமூட்டம், ஜன்னல் கண்ணாடி இரண்டையும் நம்ப வேண்டாம், புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி இரண்டையும் ஊடுருவி வரும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைப் பூசலாம். ஆனால் ஜெல்லையும் அதையும் உள்ளங்கையில் குழைத்து ஒன்றாகப் பூசாதீர்கள். முதலில் ஜெல் நன்றாகக் காயட்டும். அதே இடத்தில் சன்ஸ்கிரீன், மேக்கப், வேறு களிம்பு எதைப் போடுவதானாலும் மருந்து எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

காயம், வெட்டு, எக்ஸிமா, சீழ் வைத்த இடம் எதிலும் இதைப் போடக் கூடாது. தோலின் காவல் உடைந்த இடத்தில் மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் சுற்றினாலும் அதே கதைதான். கண், வாய், மூக்குத் துவாரத்துக்குள் படக் கூடாது. போட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சிகிச்சையே புறங்கைக்கு என்றால் விரல்களை மட்டும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் ஜெல் போட்ட இடத்தை நக்க விடாதீர்கள். இந்த வகை மருந்துகள் அவற்றின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துவிடும், பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். கொஞ்சி மடியில் வைத்துக்கொள்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

'தோலில்தானே போடுகிறோம்' என்ற அலட்சியமும் உண்டு. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகிவிடாது. இதே வகை வலி மருந்துகளான ஆஸ்பிரினோ இப்யூபுரோஃபெனோ சாப்பிட்டு ஆஸ்துமா கிளம்பியவர்கள், உடம்பெல்லாம் தடித்தவர்கள் இதைத் தொடவே கூடாது. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள் தாங்களாக எடுத்துப் போடக் கூடாது. குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கடைசி மாதங்களில் இதயத்தின் ஒரு ரத்தக் குழாயை முன்கூட்டியே மூட வைக்கலாம். தலைவலி, மூட்டு வலி என்று அதே ரக மாத்திரையை தினமும் விழுங்குபவர், மருத்துவர் 'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்கும்போது அதைச் சொல்ல மறந்துவிடுவார். வலி மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம்.

சித்தப்பா மறுபடி தொடங்கி இந்தத் தடவை 90 நாளை முடித்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தடவிப் பார்த்தார். இரண்டு இடம் வழவழப்பாக இருந்தன. காதுக்கு மேலே ஒன்று மட்டும் இன்னும் சொரசொரத்தது. மருத்துவர் அதைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுத்தார். டியூபில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. முழங்காலுக்கு ஆகுமே என்று சித்தப்பா எடுத்து வைக்கப் போனதைச் சித்தி பார்த்துவிட்டாள். மீந்த மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்தகத்தில் அதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.