முதல் கைத்துப்பாக்கி: குறைந்த பணத்தில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் முறை

யானையை வாங்கிய பிறகு அங்குசத்துக்குக் காசில்லை என்று கையைப் பிசைபவரைப் போன்றவர்தான், இருக்கும் பணம் முழுவதையும் துப்பாக்கிக்கே கொடுத்துவிட்டுத் தோட்டா வாங்க வழியில்லாமல் நிற்பவர். பயிற்சித் தளத்தில் புதியவர்களுக்கு அருகில் நின்று பழக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவரும் எனக்கு, இத்தகைய முகங்கள் நன்றாகவே பழக்கம். ஆகவே இந்த விளக்கம் முழுவதும் ஒரே கணக்கின் மேல் நிற்கிறது: கடையில் ஒட்டியிருக்கும் விலையை ஒரு துப்பாக்கியின் விலையாகக் கொள்ளக் கூடாது, அதைக் கொண்டு முதல் ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டுப் பழகி முடிக்கும் வரை ஆகும் மொத்தச் செலவே அதன் விலை.

முதல் படி: சட்டமும் தேவையும்

கடைக்குப் போவதற்கு முன் உரிமத்தைப் பற்றி விசாரித்துவிட வேண்டும். எந்த வகை, எந்தக் காலிபர் (தோட்டாவின், குழலின் அளவு), எத்தனை தோட்டா கொள்ளும் மேகசின், எப்படிப்பட்ட பூட்டுப் பெட்டி என்பனவெல்லாம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம், வேறுபடும். உரிமம் கிடைக்காத வகையின் மேல் ஆசையை வளர்த்துக்கொண்டு பயனில்லை. தொடர் எண் அழிக்கப்பட்டதோ, காகிதம் இல்லாமல் கைமாறுவதோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது.

அடுத்து, எதற்காக வாங்குகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இலக்குச் சுடுதல், வீட்டுப் பாதுகாப்பு, உடன் எடுத்துச் செல்லுதல் ஆகிய மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி சரியாக வராது. எனினும் மூன்றில் எதை எழுதியிருந்தாலும், கற்றுக்கொள்வதற்கென வாங்கும் முதல் துப்பாக்கி முழு அளவுள்ளதாக இருக்கட்டும் என்பதே என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பணத்தைப் பிரித்தல்

மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதியைத் துப்பாக்கிக்கு ஒதுக்குங்கள். மற்றப் பாதியில் பூட்டுப் பெட்டி, காதுறை, கண்ணாடி, துப்புரவுப் பொருள்கள், கூடுதல் மேகசின், பயிற்சித் தளக் கட்டணம், தோட்டாக்கள் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். இது விதியன்று, என் அனுபவக் கணக்கு; ஆனால் இதை மீறியவர்கள் பெரும்பாலும் தோட்டாவில்தான் கை வைக்கிறார்கள்.

காதுறையில் சிக்கனம் வேண்டாம். திடீர் ஓசையைப் பொறுத்தவரை 140 டெசிபல் என்பது செவிக்கு அபாய எல்லையாகக் கருதப்படுகிறது. சிறிய .22 தோட்டாவின் ஓசைகூடக் கைத்துப்பாக்கியில் அந்த எல்லையைத் தாண்டிவிடும், 9 எம்.எம். தோட்டாவின் ஓசை 160 டெசிபல் அளவுக்குப் போகும். மூடிய தளத்தில் சுடுபவர்கள் காதினுள் செருகும் நுரை அடைப்பானையும் அதன் மேல் காதுறையையும் சேர்த்தே அணிவது நல்லது.

மூன்றாம் படி: ரிவால்வரா, பிஸ்டலா

ரிவால்வரில் சுழலும் உருளை ஒன்றும், அதில் வழக்கமாக ஐந்து அல்லது ஆறு அறைகளும் இருக்கும். உருளையை வெளியே திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், தள விதிப்படி சற்று நேரம் குழலை இலக்கை நோக்கியே வைத்திருந்து பார்த்துவிட்டு, விசையை மீண்டும் இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். ஆனால் பின்புறத்தில் துருத்தி நிற்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுடும்போது விரல் ஏறக்குறைய ஐந்து கிலோ எடைக்கு ஈடான இழுப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் குறி கலைந்துவிடும் என்பது புதியவர்களின் தீராத குறை.

பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசினில் அடுக்கப்பட்டிருக்கும். மேலிருக்கும் ஸ்லைடு ஒவ்வொரு முறை சுட்டதும் பின்சென்று காலி உறையை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே தள்ளும். விசை இலகு, தோட்டா கூடுதல். கவனிக்க வேண்டிய அபாயம் ஒன்று உண்டு: மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். முதலில் மேகசினைக் கழற்றி, அதன் பிறகு ஸ்லைடைப் பின்னிழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்துச் சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்கும் வரை அதைக் காலியான துப்பாக்கி என்று கொள்ளக் கூடாது. இந்த வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்தால், மேகசினிலிருந்து புதிய தோட்டா ஒன்று அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டில் எது மேல் என்று வாதிட்டுப் பொழுதைக் கழிக்கத் தேவையில்லை. ஸ்லைடை இழுக்கக் கைவலிமை போதாதவருக்கு ரிவால்வர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்டல்.

நான்காம் படி: காலிபர்

பணம் குறைவென்றால் .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கே என் வாக்கு. இதன் குண்டு ஏறக்குறைய 2.6 கிராம், 9 எம்.எம். குண்டு வழக்கமாக 7.5 முதல் 8 கிராம். வேகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், .22 குண்டின் உந்தம் 9 எம்.எம். குண்டின் உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கையை உதைக்காத துப்பாக்கியில்தான் விசையை அழுத்தக் கற்றுக்கொள்ள முடியும். 1949 முதல் வந்துகொண்டிருக்கும் ரூகர் நிறுவனத்தின் .22 பிஸ்டல் வரிசை போன்றவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

இதற்கும் குறை உண்டு. .22 தோட்டாவில் பற்றவைக்கும் கலவை அடிவிளிம்பில் இருப்பதால், வெடிக்காமல் போவது நடுவில் பற்றவைக்கும் தோட்டாக்களைவிட அதிகம். பாதுகாப்புத் தேவை என்று முதல் படியில் எழுதியிருந்தால் 9 எம்.எம். அல்லது, ரிவால்வராயின், .38 ஸ்பெஷல் என்று போய்விடலாம். முன்னது 1902 இலும் பின்னது 1898 இலும் தோன்றியவை; இவ்வளவு நாளாகப் பெருந்தொகையில் உற்பத்தியாவதால் பெரிய தோட்டாக்களில் இவையே எளிதாகக் கிடைக்கின்றன. .357 மேக்னம் ரிவால்வர் கிடைத்தால் அதில் .38 ஸ்பெஷலையும் சுடலாம். இதை மாற்றி, .38 ரிவால்வரில் .357 தோட்டாவைச் சுட முயல்வது ஆபத்து.

ஐந்தாம் படி: கைக்குப் பொருத்தம்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் காலி என்று காட்டிக் கொடுத்த துப்பாக்கியை நீங்களும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டை கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு உயரமாகப் போக முடியுமோ அவ்வளவு உயரத்தில் அமரட்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடியை மாற்றாமல் சுட்டுவிரலை விசையின் மேல் வையுங்கள்: விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி விசையில் பட்டால் பொருத்தம் சரி. முதல் மூட்டின் மடிப்பு பட்டால் கைப்பிடி சிறிது. நகத்தருகே மட்டும் எட்டினால் பெரிது. எட்டாத விரலுக்காக மணிக்கட்டைத் திருப்பிப் பிடிப்பவர்கள் உண்டு. அந்தத் துப்பாக்கி அவர்களுக்கானதன்று.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, திறந்து பாருங்கள். குழல் முனையின் மேலுள்ள முன்குறி, கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியின் பள்ளத்துக்குள் ஏறக்குறைய நடுவில் தெரிந்தால், கைப்பிடியின் சாய்வு உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பொருள். பிஸ்டலாயின், ஸ்லைடைப் பின்னிழுத்து நிறுத்துவதையும் மேகசினைக் கழற்றுவதையும் பத்து முறையாவது செய்து பார்ப்பது நல்லது.

முழு அளவு என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான். குறிகள் இரண்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள குட்டித் துப்பாக்கியில் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். குறிகளுக்கு இடையே 16 சென்டிமீட்டர் உள்ளதில் அதே பிழை 6 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். போதாததற்கு, 400 கிராமைக் கொஞ்சம் தாண்டும் இலேசான ரிவால்வர் கையை உதைப்பதுபோல 900 கிராம் ரிவால்வர் உதைப்பதில்லை. கைப்பையில் அடங்குகிறதே என்று அப்படிப்பட்ட குட்டி ரிவால்வரை வாங்கி வந்த ஒருவர், பதினைந்தாவது தோட்டாவில் உள்ளங்கையை நீவிக்கொண்டே அதைக் கீழே வைத்ததைப் பார்த்திருக்கிறேன். குண்டுகளெல்லாம் இலக்குத் தாளின் கீழ் விளிம்பில் கிடந்தன. சத்தத்துக்கு முன்பே மணிக்கட்டு பயந்து குனிந்துவிடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆறாம் படி: பழையதை வாங்கும்போது

குறைந்த பணத்தில் நல்ல பொருள் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், காவல் துறைகள் மாற்றிக் கழிக்கும் துப்பாக்கிகள் உரிமம் பெற்ற விற்பனையாளர்களிடம் வருவதுண்டு. நாள்தோறும் உறையில் செருகி எடுத்ததால் வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும். சுட்டதோ ஆண்டுக்குச் சில முறை மட்டுமே. மேலே அழகில்லாதது உள்ளே புதியது போல இருக்கும். 1899 இல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வரும், 1982 இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17 பிஸ்டலும் இந்த வகையில் அடிக்கடி கண்ணில் படுபவை.

காலியென உறுதிசெய்து, பிரித்த பிறகு குழலை ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே மோதிரம் போன்ற கருநிழல் வளையம் ஒன்று தெரிந்தால், எப்போதோ குண்டு ஒன்று நடுவில் சிக்கி, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டதால் குழல் வீங்கியிருக்கிறது. பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரிக்க முடியாத ரிவால்வரில் உருளையைத் திறந்து, பின்பக்கம் வெள்ளைத் தாளை வைத்து, குழல்வாய்ப் பக்கமிருந்து பார்க்கலாம்.

ரிவால்வரில் முக்கியமானது உருளையின் இசைவு. உரிமையாளரின் அனுமதியோடு சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னிழுங்கள். சுத்தியல் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள் உருளை 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்து அறைகள் சரியாக இருந்து ஆறாவது மட்டும் தாமதிப்பதும் உண்டு. பூட்டிய உருளையை முன்னும் பின்னும் அசைத்தால் தாளம் போடக் கூடாது.

பிஸ்டலில் மேகசினின் மேல் உதடுகள் நசுங்கியோ விரிந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள். தோட்டா சிக்குவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்லைடைச் சிறிதளவு பின்னிழுத்துக் கையோடு கொண்டுவந்து விட்டால் அது முழுவதும் முன்னால் போய் அமர வேண்டும். தயங்கி நின்றால் சுருள்வில் களைத்திருக்கிறது. வில் மாற்றுவது மலிவு என்பதால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். விசையை யாரோ வீட்டில் தேய்த்து இலகுவாக்கியிருப்பது தெரிந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: பல .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் தோட்டாவைத் தட்டும் ஊசி (ஃபயரிங் பின்) அறையின் விளிம்பில் மோதித் தேய்த்துவிடும். கேட்காமல் இழுத்துப் பார்ப்பது மரியாதைக் குறைவும்கூட.

ஏழாம் படி: சுட்டுப் பார்த்தல்

வாங்குவதற்கு முன்பே, அதே மாதிரியை வாடகைக்கோ நண்பரிடமோ பெற்று 50 தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். விசையைத் தொடும் முன் நான்கு விதிகள் மனத்தில் இருக்கட்டும்: எந்தத் துப்பாக்கியும் நிரம்பியதே; அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல் திரும்பக் கூடாது; குறி அமையும் வரை விரல் விசைக்கு வெளியே; இலக்கும் அதன் பின்னால் உள்ளதும் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்.

சுடும்போது நண்பரிடம், மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மருந்தில்லாத போலித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலக்கச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது சத்தம் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல் முனை கீழே குதித்தால், உங்கள் கை சத்தத்துக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எந்தத் துப்பாக்கியில் இந்தக் குதிப்பு குறைவாக இருக்கிறதோ அதையே வாங்குங்கள். விலையில் அடுத்திருக்கும் இரண்டுக்கு இடையே முடிவெடுக்க இதைவிட நல்ல சோதனையை நான் கண்டதில்லை.

துப்பாக்கிக்கு முன்பே பூட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்துசேர வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சுட்டு முடித்ததும், ஈயத்தூள் விரலில் ஒட்டியிருக்கும் என்பதால், எதையும் உண்ணும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

வாங்கிய பிறகு முதல் 200 தோட்டாக்களுக்கு ஒரு சிறு நோட்டு வையுங்கள். மேகசின்களின் அடியில் 1, 2 என்று எண் எழுதி, எதில் சிக்கியது, எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது, அது எந்த வகைத் தோட்டா என்று குறித்து வந்தால், குறை துப்பாக்கியிலா மேகசினிலா தோட்டாவிலா என்பது தானே பிரிந்து தெரியும். நோட்டில் ஒரே மேகசினின் எண் திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, அடுத்துச் சேரும் பணத்தில் அலங்காரக் கைப்பிடியைப் பார்க்காமல், ஒரு புதிய மேகசினும் இரண்டு பெட்டித் தோட்டாவும் வாங்குங்கள்.