கலர் தவளையைக் கண்டதும் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். அந்த ஓரத்து வீடுகளுக்கு, மழை பெய்த ராத்திரியில் தவளை வாசல்வரை வரும். பளிச்சென்று பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் போதும், "ஐயோ, விஷத் தவளை!" என்று உப்பை அள்ளிக் கொட்டுகிறோம். தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. உப்பு பட்டால் துடிதுடித்துச் சாகும்.

டிவியில் காட்டும் அம்பு விஷத் தவளைகள் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. மலேசியக் காட்டில் அவை கிடையாது. விரல்களுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாகச் சவ்வு விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பச்சைப் பறக்கும் தவளையை இங்கே பார்க்கலாம். 1855-இல் சரவாக்கில் ஒரு சீனத் தொழிலாளி இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸிடம் கொண்டுவந்து கொடுத்தது அதைத்தான். அது உங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், தயவுசெய்து விளக்கைத் தணித்துவிட்டுப் பாருங்கள்.

நாம் பயப்பட வேண்டியது லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் மண் நிறத்தில் உட்கார்ந்திருக்கும் சொறித்தேரைக்கு. அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் உள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கும், சமைத்தாலும் போகாது. எங்கள் நாய் ஒருமுறை அதைக் கவ்வி, வாயில் நுரை தள்ளியது. அப்பா பதறிப்போய் அதன் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்ற, புரையேறி நிலைமை இன்னும் மோசமானது. அப்படிச் செய்யக்கூடாது. தலையைக் கீழே சாய்த்து, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் நன்றாகத் துடைத்துவிட்டு, உடனே மிருக டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

அருவிக்குப் போகும் பிள்ளைகள் பிடிபட்ட தவளைகளையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் போடுவார்கள். பாறை மேல் உட்காரும் ஒரு பச்சைத் தவளையின் தோல் நஞ்சு, கூட இருக்கும் மற்றத் தவளைகளைக் கொன்றுவிடும். அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரியும். தோட்டத்தில் மருந்தடித்த கையால் தவளையைத் தொடாதீர்கள். கையில் ஒட்டியிருக்கும் மருந்து அதன் தோலுக்குள் இறங்கிவிடும்.

அப்புறம், வாளியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளை நுரை. அது அழுக்கில்லை, மரத்தவளையின் முட்டைக்கூடு. வாளித் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும் என்று பயந்தால், நுரையை உடைக்காமல் அள்ளி, குட்டைத் தண்ணீருக்கு நேர் மேலே சாய்ந்திருக்கும் ஓர் இலையில் வைத்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சில நாளில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும்.