பிரெவே பயணத்தில் கன்ட்ரோல் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூர சைக்கிள் பயணமான பிரெவேக்கு வழி வகுப்போர் பலரும் வரைபடத்தை விரித்து, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கன்ட்ரோல்களைக் குறித்துவிடுகிறார்கள். கன்ட்ரோல் என்பது, ஓட்டுநர் குறித்த நேர வரம்புக்குள் வந்து தம் பயண அட்டையில் முத்திரை பெற வேண்டிய இடம். தூரத்தைப் பார்த்தவர்கள் நேரத்தைப் பார்க்கத் தவறுவதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

பாரிஸ் நகரச் சைக்கிள் சங்கமான ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் பிரெவேக்கு வகுத்த விதிப்படி, கன்ட்ரோல் திறக்கும் நேரம் முதல் 200 கி.மீ.க்கு மணிக்கு 34 கி.மீ. வேகத்தையும் அடுத்த 200 கி.மீ.க்கு 32 கி.மீ. வேகத்தையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. மூடும் நேரத்துக்கு, 600 கி.மீ. வரை பொதுவாக மணிக்கு 15 கி.மீ. வேகமே அளவு. காலை 6 மணிக்குத் தொடங்கும் 400 கி.மீ. பயணத்தில், 300ஆவது கிலோமீட்டரில் உள்ள கன்ட்ரோல் பிற்பகல் 3 மணிக்குத் திறந்து மறுநாள் அதிகாலை 2 மணிக்கு மூடும். பகலில் வழியைப் பார்வையிட்டபோது பிடித்துப்போன டீக்கடை இரவு பத்து மணிக்கே அடைக்கப்படுமானால், கடைசியில் வருபவருக்கு முத்திரையும் கிடைக்காது, தண்ணீரும் கிடைக்காது. இரவு முழுவதும் இயங்கும் பெட்ரோல் பங்க் அழகாக இல்லாவிட்டாலும் அதுவே சரியான இடம்.

முதல் 60 கி.மீ.க்குள் கன்ட்ரோல் வைப்பவர்கள் அங்கும் 15 கி.மீ. கணக்கையே போட்டுவிடுவதுண்டு. அந்தப் பகுதிக்கு மணிக்கு 20 கி.மீ. வேகமும் கூடுதலாக ஒரு மணி நேரமும் என்பதே விதி. ஆனால் மலை ஏற்றத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. மேட்டுப்பாளையத்தில் தொடங்கி 33 கி.மீ. ஏறிக் கோத்தகிரியில் முதல் கன்ட்ரோல் வைத்தால், அது 2 மணி 39 நிமிடத்தில் மூடிவிடும். ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் மேற்பட்ட அந்த ஏற்றத்தில் சராசரி ஓட்டுநருக்கு அது போதாது. சமவெளியில் சில மணி நேரம் ஓட்டியபின் மலை வருமாறு வழியை அமைத்தால், அங்கே சேர்த்த நேரம் ஏற்றத்தில் கைகொடுக்கும்.

குறுக்கு வழியையும் அடைக்க வேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி சென்று திண்டிவனம் வழியாகத் திரும்பும் பயணத்தில், திண்டிவனத்தில் கன்ட்ரோல் இல்லையென்றால், வந்த வழியே திரும்பியவரை அட்டை காட்டிக்கொடுக்காது. முன்கூட்டி அறிவிக்காமல் வைக்கும் ரகசியக் கன்ட்ரோல் உதவும் என்றாலும், அதற்கு ஆள் வேண்டும்.

அட்டையில் மூடும் நேரத்தை அச்சிடும்போது, நள்ளிரவைத் தாண்டிய நேரங்களுக்குத் தேதியையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.