துவக்குத் திருத்தக் கூலி பேசும்போது

வன்னியில் பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பிடங்குக்கு, அதாவது தோளில் வைக்கும் பின்பக்க மரத்துக்கு, உதைப்பைத் தாங்கும் றப்பர் மெத்தை பூட்டக் கொடுத்தால் றப்பர் விலையையும் கூலியையும் தனித்தனியாகக் கேளுங்கள். காசு போவது பெரும்பாலும் கைவேலைக்குத்தான். ஓர் அங்குல றப்பர் வைத்தால் மரத்திலும் ஓர் அங்குலம் அறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிடங்கு நீண்டு தோளில் சரியாக இராது. பிறகு றப்பரின் விளிம்பை மரத்தோடு ஒட்ட அராவவும் வேண்டும். நேரம் அங்கேதான் போகும். அறுத்த துண்டை வாங்கி வையுங்கள், மனம் மாறினால் உதவும்.

ஆனால் குழலைக் குறுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பல துவக்குகளில் சன்னம் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) அதிகம் சிதறாமல் பிடிப்பது குழலின் வாய்ப்பக்கத்து ஒடுக்கம். அதை வெட்டினால் பன்றி தப்பிவிடும். அப்புறம், 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அனுமதி பெற்ற திருத்துநரிடமே கொடுங்கள், கூலி கொஞ்சம் கூடினாலும் சரி.