ஆதரவுத் திட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் எதற்கு?

போன வாரம் பாளையங்கோட்டையில் பதினோராம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி தன் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளும் திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளும் பள்ளியில் தனித்துப் போய்விடாமல் இருக்க ஒரு குழு. நல்ல யோசனை, எழுத்தும் தெளிவு. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், வகுப்பு, பிரிவு, போன் நம்பர் என்று நான்கு கட்டம். நெஞ்சு திக்கென்றது. நான் அன்றைக்குப் போட்ட அதே நான்கு கட்டம்.

கேலி செய்யக் கூடாது, மரியாதையாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பெயர் எழுதி வாங்குவது

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொப்பிச் சேர்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சட்டமே சொல்லிவிட்டது, இனி யாரும் ஒளிய வேண்டியதில்லை என்று நினைத்து, ஒரு பள்ளியில் எண்பது பக்க நோட்டோடு போய் நின்றேன். ஆதரவு தேவைப்படுகிறவர்கள் எழுதுங்கள் என்றேன். ஏழு பேர் எழுதினார்கள். பெருமையாக இருந்தது.

ஒரு நாள் அந்த நோட்டை ஆசிரியர் அறை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வைத்த இடத்தில்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பையனின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. "எம் பிள்ளை பேரு இதுல எதுக்கும்மா வந்துச்சு?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பையன் வரவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அவன் எழுதிய வரி இன்னும் கண்முன் நிற்கிறது. பெயரை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தான். அந்த அடித்தலை நான் பார்த்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது. அந்தப் பட்டியலால் ஒரு உபயோகமும் இல்லை! நூலகத்தில் புத்தகம் வைக்க, ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்துச்சொல்ல, சீண்டல் நடக்கிற இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஒரு ஆசிரியரை நிற்கச் சொல்ல, எதற்குப் பெயர்? நம் பக்கம் ஊர் வேறு பள்ளி வேறு இல்லை. பிள்ளை வருகிற அதே மினி பஸ்ஸில்தான் சித்தப்பாவும் வருகிறார். மதியம் பாளையங்கோட்டையில் பேசியது, சாயங்காலம் பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் சொல்வதா, எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. அதை என் நோட்டு அவனிடமிருந்து பிடுங்கிவிட்டது.

கூகுள் ஃபார்மும் நோட்டுதான். மின்னஞ்சல் சேகரிக்கும் வசதி திறந்திருந்தால், பெயர் கேட்காமலே ஆள் தெரிந்துவிடும்.

பெயரில்லாத கேள்விப் பெட்டி

பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் 'ழ'வை யார் எப்படிச் சுழிப்பார்கள் என்று தமிழ் ஐயாவுக்குத் தெரியும், பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். போதாததற்கு, எல்லாரும் பார்க்க எழுந்துபோய்ச் சீட்டைப் போட வேண்டும். கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து டிக் மட்டும் போடச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே சீட்டு, எல்லாரும் போட வேண்டும். கேள்வி இல்லாதவர் வெற்றுச் சீட்டைப் போடட்டும்.

வாட்ஸப் குழு

பாதிப் பிள்ளைகள் கையில் இருப்பது அம்மா போன். வேண்டாம்.

வானவில் கயிறு

ஆதரவைக் காட்ட வானவில் நிறத்தில் கயிறு கட்டுவது வெளியூரில் அழகான யோசனையாக இருக்கலாம். இங்கே மணிக்கட்டில் நிறக் கயிறு என்றால் சாதி அடையாளம் என்று உங்களுக்கே தெரியும். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் பள்ளிகளில் நிறக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அந்தப் பட்டியலில் இன்னொரு கயிற்றை நாம் சேர்க்க வேண்டாம்.

ஆண்டு விழாவில் நாடகம்

வேண்டவே வேண்டாம்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்"

இந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நம்பகமான பெரியவர் ஒருவரிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் யாராவது பாலியல் ரீதியாக அத்துமீறியது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். பேச்சு தொடங்கும்போதே, "இந்த இரண்டையும் தவிர மற்றது என்னோடு இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல உதவிக்கு 14416 இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும். மாற்றுகிறேன், குணப்படுத்துகிறேன் என்கிற ஆளிடம் மட்டும் எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

தலைமையாசிரியரிடம் வெறுங்கையோடு போவது

"ஐயா, அனுமதி வேணும்" என்று நின்றால், "இதெல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துல எதுக்குமா?" என்ற பதில்தான் வரும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, காதலர்களான இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவது வரை அதில் இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று குழம்பவும் வேண்டாம். 2022-இல் தமிழ்நாடு அரசிதழிலேயே இவர்களைக் குறிக்கும் சொற்பட்டியல் வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தங்கச்சி இரண்டாம் பக்கத்தைக் கிழித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ஆனா எத்தனை பேருக்கு உதவி கிடைச்சுதுன்னு ரிப்போர்ட்ல எப்படிக்கா எழுத?" என்றாள். நியாயமான கேள்வி. பிள்ளைகளை எண்ணாதே, எத்தனை ஆசிரியர் உட்கார்ந்து கேட்டார்கள், எத்தனை வகுப்பில் பேசினாய், எத்தனை இடைவேளைக்குக் காவல் போட்டார்கள் என்று எழுது என்றேன். அதற்கும் நான்கு கட்டம் போட்டாள்.