தத்தெடுத்த சிறப்புக் குழந்தைக்கு மதுரையில் துணை தேடுவது எப்படி

எங்கள் மகள் நான்கரை வயதில் வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், துவைப்பதற்காகத் தலையணை உறையை உருவியபோது, காய்ந்து கல்லாகியிருந்த இட்லித் துண்டுகள் ஏழு கீழே உதிர்ந்தன. அவளுக்கு மூளை முடக்குவாதம், பேச்சும் தாமதம். அவளைப் பார்த்துவந்த மருத்துவர் அதைக் குறைபாட்டோடு சேர்ந்த பழக்கம் என்றார். உறவினர்கள், எங்கேயோ பிறந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அவள் முன்பு வளர்ந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த சமூகப் பணியாளர் மட்டுமே, அடுத்த வேளைக்குச் சோறு கிடைக்குமா என்ற பயம் இன்னும் போகவில்லை என்று பார்த்தவுடன் சொல்லி, குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் மூடி எளிதாகத் திறக்கும் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பண்டம் வைத்திருக்கும்படியும், எடுத்தால் கேள்வி கேட்காமலிருக்கும்படியும் கூறினார். சில மாதங்களில் தலையணை உறை காலியாகவே இருந்தது.

துணை தேடப் புறப்படும் பெற்றோர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: குழந்தையின் குறைபாட்டை அறிந்தவர்களுக்குத் தத்தெடுப்பைப் பற்றிப் பெரும்பாலும் தெரியாது, தத்தெடுப்பை அறிந்தவர்களுக்குக் குறைபாட்டைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. இரண்டு அலுவலகங்கள், இரண்டு வகை வல்லுநர்கள், இரண்டு வகைத் தோழர்கள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆள் தருவார் என்று காத்திருந்து நாங்கள் ஓராண்டை வீணாக்கினோம்.

தத்தெடுப்பு வழியில் கிடைக்கும் துணை

இந்தத் துணையைத் தேடும் வேலை குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். குழந்தையை அதுவரை வளர்த்துத் தத்துக்கு ஒப்படைக்கும் இல்லமான சிறப்புத் தத்து மையம், மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் குழந்தை ஆய்வு அறிக்கையையும் தரும். அவற்றைப் பெற்றுக்கொள்வதோடு நிறுத்தாமல், குழந்தையைத் தினமும் குளிப்பாட்டி ஊட்டிய ஆயாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கும், எந்தச் சத்தத்துக்கு அழும், ஊட்டும்போது என்ன சொல்லிக் கூப்பிட்டால் வாயைத் திறக்கும் என்பவை எந்த அறிக்கையிலும் இருக்காது. மையத்தின் ஒப்புதலோடு அந்த ஆயாவுடன் தொலைபேசித் தொடர்பு வைத்துக்கொள்ள முடிந்தால், முதல் மூன்று மாதங்களில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, தத்தெடுப்புக்கு முந்தைய பராமரிப்பில் குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, 6 மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையின் நிலை குறித்து அறிக்கை எழுதப்படும். அதற்காகச் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவதைப் பல குடும்பங்கள் பள்ளி ஆய்வாளர் வருகையைப் போல எண்ணி, வீட்டைத் துடைத்து, குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகின்றன. இது பெரிய தவறு. அந்த ஆறு மாதத்தில் நடந்த கஷ்டங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்து, அவர் வரும்போது அதை முன்னால் வையுங்கள். தூக்கமின்மை, கடித்தல், யாரென்று பாராமல் எவர் மடியிலும் ஏறிக்கொள்ளுதல் ஆகியவை உங்கள் வளர்ப்பின் தோல்வியல்ல என்பதை அவர் அறிவார். எந்த ஆலோசகரிடம் போகலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். 2 ஆண்டுகள் முடிந்த பிறகும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில், உறவுக்குள்ளேயே 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிந்து பிள்ளையை எடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்களைத் தேடிச் சமூகப் பணியாளர் வருவதில்லை. அத்தகைய பெற்றோர் தாமாகவே அந்த அலகுக்குச் சென்று ஆலோசனை கேட்க வேண்டும்.

குறைபாட்டு வழியில் கிடைக்கும் துணை

இங்கே வரிசை முக்கியம். அதை மாற்றினால் அலைச்சல் இரட்டிக்கும். இல்லத்தில் இருந்தபோதே குழந்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்திருக்கக்கூடும்; அதில் பழைய பெயரும் இல்லத்தின் முகவரியும் இருக்கும். 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அந்த ஆணை கைக்கு வந்ததும், உங்களைப் பெற்றோராகக் குறிக்கும் பிறப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள், அடுத்து ஆதார், அதன் பிறகே யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் திருத்தம். நாங்கள் அட்டையிலிருந்து தொடங்கியதால், ஒரே குழந்தைக்கு மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்கள் இருந்த விசித்திரத்தை ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டியிருந்தது. மூல ஆணையை யாரிடமும் கொடுக்காதீர்கள்; சான்றொப்பமிட்ட நகல்கள் குறைந்தது பத்து கையில் இருக்கட்டும்.

மருத்துவத்துக்கும் சிகிச்சைக்கும் பனகல் சாலையிலுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. குழந்தைகள் நலப் பிரிவில், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஊழியர்கள் அதை டி.இ.ஐ.சி. என்பார்கள். 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான அரசுத் திட்டத்தின் கீழ் இயங்குவதால் அங்குக் கட்டணமில்லை. தனியார் தெரபி மையத்துக்குப் போவதில் தவறில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று மாதக்கணக்கில் கட்டுவதற்கு முன், வீட்டில் எந்தப் பயிற்சியைத் தினமும் செய்யலாம் என்பதைக் கற்றுத்தருவார்களா என்று கேளுங்கள். கற்றுத்தராத இடத்துக்கு நாங்கள் இரண்டாம் முறை போகவில்லை. கண் பார்வையில் சிக்கல் இருந்தால், 1976-இல் இதே ஊரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான பிரிவு இருக்கிறது.

பண உதவிக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போக வேண்டும். அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும், கடும் பாதிப்பு 75 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்பதால் வளாகமே திருவிழாக் கூட்டமாக இருக்கும். மனு கொடுக்க வேண்டியிருந்தால் அன்று போகலாம், விவரம் கேட்க வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் குழந்தைக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வாரத்துக்கு மூன்று முறை தெரபிக்குப் போகும் குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன் நிரமயா காப்பீட்டில் ஓராண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு கோரலாம். வெளிநோயாளியாகப் பெறும் தெரபியும் அதில் அடங்கும். பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்ற தாய் தந்தையே ஆனாலும், சட்டப்படியான பாதுகாவலர் உரிமை தானாகத் தொடர்வதில்லை; ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். தத்துப் பெற்றோர் வயதில் சற்று மூத்தவர்களாக இருப்பது வழக்கம் என்பதால், உங்களுக்குப் பின் யார் என்பதையும் அந்த விண்ணப்பத்துக்கு முன்பே குடும்பத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

பள்ளி

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு. நாங்கள் முதலில் போன தனியார் பள்ளி, மற்றப் பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டது. அங்கே வாதாடியிருக்கலாம்தான், ஆனால் வாதாடிச் சேர்த்த வகுப்பில் பிள்ளையை யார் அன்போடு பார்ப்பார்கள் என்று எண்ணித் திரும்பினோம்.

சேர்த்த பிறகு வகுப்பாசிரியரிடம் ஒன்றை மட்டும் தனியே சொல்லிவையுங்கள். குடும்ப மரம் வரைந்து வா, கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தைக் கொண்டு வா என்ற வீட்டுப்பாடம் தரும்போது, முன்னதாக உங்களிடம் தெரிவிக்கட்டும்.

பெஞ்சும் வீடும்

தெரபி அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் கிடைக்கும் அறிவு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. உசிலம்பட்டியிலிருந்து முதல் பேருந்தில் கிளம்பி, பையனை இடுப்பில் சுமந்து வரும் அம்மா ஒருவர்தான், காலுக்கு மாட்டும் பட்டை உரசாமலிருக்கப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து உள்ளே சுற்றும் முறையை எனக்குக் காட்டினார். ஒருவர் மருந்து வாங்கப் போகும்போது மற்றவர் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது என்ற அளவில் தொடங்கிய பழக்கம் அது. ஆனால் அந்தப் பெஞ்சில் தத்தெடுத்தவர்கள் யார் என்று தெரியாது, பலர் சொல்வதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க, தத்து மையத்தின் சமூகப் பணியாளரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமுள்ள குடும்பத்திடம் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எண்ணை நீங்கள் கேட்பது முறையல்ல.

உறவினர்களிடம் பொதுவாக உதவி கேட்டால் பொதுவான அனுதாபம்தான் கிடைக்கும். என் மாமியார் முதல் ஆண்டு முழுவதும் ஒதுங்கியே இருந்தார். ஒருநாள், “நான் என்ன செய்யணும்னு சொன்னாத்தானத்தா தெரியும்” என்றார். செவ்வாயும் வெள்ளியும் மாலை 5 முதல் 6 வரை, கைவிரல் பயிற்சிக்காகக் கிண்ணத்தில் கொண்டைக்கடலை பொறுக்கும் வேலையைப் பேத்தியோடு உட்கார்ந்து செய்யுங்கள் என்று கேட்டேன். இப்போது அந்த ஒரு மணி நேரத்தில் அப்பத்தாவைத் தவிர வேறு யாரும் கிண்ணத்தைத் தொட முடியாது. சித்திரைத் திருவிழாவின் வேட்டுச் சத்தமும் கொட்டும் அவளுக்கு ஆகாது என்பதால், அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வீட்டில் தங்குவது யார் என்று நாத்தனார், கொழுந்தன் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு நெருக்கமானவரிடமும் குழந்தையின் பிறப்புக் கதையை அனுதாபத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் மதுரைக்கும் வந்ததால், தத்துப் பிள்ளை என்றதும் “தொட்டில் குழந்தையா?” என்று இங்கே கூசாமல் கேட்பார்கள். “எங்க பிள்ளை. அவ கதையை அவ பெரியவளாகி அவளே சொல்லுவா” என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை. கொண்டைக்கடலை பொறுக்க உதவுபவருக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

கடைசியாக, பெற்றோரின் மனநிலை. தவறு செய்துவிட்டோமோ, திருப்பிக் கொடுத்துவிடலாமோ என்ற எண்ணம் நல்ல பெற்றோருக்கும் வரும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு அடக்கிவைப்பதுதான் ஆபத்து. அந்த எண்ணம் வந்த அன்றே சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். மதுரையில் 1992 முதல் மனநலத்துக்காகவே இயங்கும் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையை நாடலாம். நள்ளிரவில் தாங்க முடியாவிட்டால் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். குழந்தையின் பாதுகாப்புக்கே அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆலோசகரிடம் முதல்முறை போகும்போது குழந்தையை அழைத்துச் செல்லாமல், கணவனும் மனைவியும் மட்டும் போங்கள். பிள்ளை மடியில் இருந்தால் பேச்சு முழுவதும் பிள்ளையைப் பற்றியே போய்விடும்.