இழைக்குத் திசை உண்டு: டி.என்.ஏ. படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர் ஒருவர் சென்ற வாரம் தான் வடிவமைத்த பிரைமரை, அதாவது டி.என்.ஏ.வில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி இழையின் வரிசையை, கொண்டுவந்து காட்டினார். இருபது எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் இணை பிசகாமல் போட்டிருந்தார். ஆனாலும் அந்தப் பிரைமர் எதிலும் ஒட்டாது. மாணவப் பருவத்தில் நான் எழுதிய தாளையே யாரோ எடுத்து நீட்டியதுபோல் இருந்தது.

டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களில் அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசைன் இணை என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் தடுமாறுபவர்களுக்காக இதை எழுதவில்லை. அது மனப்பாடமான பிறகும் தொடரும் தவறுகள்தான் என் கவலை. எழுத வசதியாக அ, தை, கு, சை என்று சுருக்கிக்கொள்கிறேன்.

இணையைப் போட்டுவிட்டுத் திசையை மறப்பது

ஓர் இழையின் இரு முனைகளும் ஒன்றல்ல. சர்க்கரையின் ஐந்தாம் கார்பன் இருக்கும் பக்கம் 5′ முனை; மூன்றாம் கார்பனின் ஹைட்ராக்சில் வெளியே நிற்கும் பக்கம் 3′ முனை. இரட்டைச் சுருளில் ஓர் இழை மேலிருந்து கீழே போனால் மற்றது கீழிருந்து மேலே வரும். இதை எதிரிணை அமைப்பு என்கிறோம். திசை குறிப்பிடாமல் எழுதிய எந்த வரிசையையும் 5′ முனையிலிருந்தே படிக்க வேண்டும் என்பது இத்துறையின் பொது வழக்கம். தவறு முளைக்கும் இடம் இதுதான்.

5′ கு-அ-தை-தை-சை-கு 3′ என்று ஒரு வரிசை இருக்கட்டும். அதன் கீழே இணைகளை எழுதினால் சை-தை-அ-அ-கு-சை என்று வரும். பலர் இத்தோடு பேனாவை வைத்துவிடுகிறார்கள். ஆனால் கீழே எழுதிய வரிசை இடப்பக்கம் 3′ முனையில் தொடங்குகிறது. வழக்கப்படி 5′ முனையிலிருந்து எழுதினால் அது சை-கு-அ-அ-தை-சை. இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகள். முதலாவதை அப்படியே எழுதி அனுப்பினால், தயாரிப்பவர்கள் அதை 5′ முனையிலிருந்து தொடங்குவதாகவே எடுத்துக்கொள்வார்கள். நமக்குத் தேவையானதன் தலைகீழ் வடிவம் கைக்கு வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர். செய்தேன்; பெருகியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் ஒன்று கூட இல்லை. ஒட்டும் வெப்பநிலையைக் குறைத்தேன், கூட்டினேன். மக்னீசியத்தின் அளவை மாற்றினேன். டி.என்.ஏ. கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி பிரித்தெடுத்தேன். நொதியைச் சந்தேகித்துப் புதிய குழாயைத் திறந்தேன். மூன்று வாரங்கள் இப்படியே போயின. தாளில் இருந்த இருபது எழுத்துகளை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் இணைகளை நான்கு முறை சரிபார்த்திருந்தேன். இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. இணையைக் கற்பிக்கும் அதே வகுப்பில், அதே மூச்சில் திசையையும் கற்பித்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இது பின்னால் ஒட்டவைத்த நுணுக்கம் அல்ல. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அளந்த படிகத்தின் சமச்சீரைப் பார்த்துத்தான் இழைகள் எதிரெதிராக ஓடுகின்றன என்று கிரிக் புரிந்துகொண்டார். அவரும் வாட்சனும் 1953இல் வெளியிட்ட இரட்டைச் சுருள் மாதிரியின் அடித்தளங்களில் அது ஒன்று.

தவிர்க்கும் வழி எளிது. இரு இழைகளையும் வரைந்து, நான்கு முனைகளுக்கும் 5′, 3′ என்று எண் போடுங்கள். நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் 3′ முனையில் மட்டுமே புதிய எழுத்தைச் சேர்க்கும். ஆகவே பிரைமரின் 3′ முனையில் ஓர் அம்பு போடுங்கள். இரண்டு பிரைமர்களின் அம்புகளும் ஒன்றையொன்று நோக்கினால் சரி. மென்பொருளில் ‘நிரப்பி’ (இணைகளை மட்டும் போடுவது) என்பதும் ‘தலைகீழ் நிரப்பி’ (இணை போட்டுத் திருப்பியும் எழுதுவது) என்பதும் தனித்தனிக் கட்டளைகள். கையில் உள்ள வரிசையின்மேல் ஒட்டும் பிரைமருக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈகோஆர்ஐ நொதி வெட்டும் கு-அ-அ-தை-தை-சை வரிசை, தன் தலைகீழ் நிரப்பியாகத் தானே இருக்கிறது. எந்த இழையில் படித்தாலும் அதே எழுத்துகள். பயிற்சிக்கு இதை எடுத்துக்கொண்டால் திருப்பி எழுத மறந்தீர்களா என்பது உடனே தெரிந்துவிடும்.

எந்த இழையின் நகல் என்று குழம்புவது

மரபணுவின் செய்தியை எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏ., இரு இழைகளில் நொதி படிக்கும் வார்ப்புரு இழையின் எழுத்துகளுக்கு இணை சேர்ந்து உருவாகிறது. அதனால் அதன் வரிசை மற்ற இழையை, அதாவது குறியீட்டு இழையை ஒத்திருக்கும். தைமின் இருந்த இடங்களில் யுராசில் நிற்கும், அவ்வளவுதான். மரபணு வரிசை என்று பொதுவாகத் தருவது குறியீட்டு இழையைத்தான். அதற்கு மறுபடி இணை போட்டு ‘ஆர்.என்.ஏ.’ என்று எழுதுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

வலிமையை ஹைட்ரஜன் பிணைப்பில் மட்டும் தேடுவது

அ-தை இணையில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், கு-சை இணையில் மூன்று. குறுகிய பிரைமரின் உருகுவெப்பத்தை, அதாவது இணைந்த இழைகள் பிரியும் வெப்பநிலையை, தோராயமாகக் கணக்கிட, அ, தை ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, கு, சை ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரி என்று கூட்டுவதும் வழக்கம்தான். ஆனால் சுருளை நிலைநிறுத்துவதில் பெரும்பங்கு, 0.34 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் காரங்களுக்கு இடையேயான ஈர்ப்புக்கு உண்டு. அதனால்தான் ஒரே எண்ணிக்கையில் அதே எழுத்துகள் இருந்தாலும் வரிசை மாறினால் உருகுவெப்பமும் மாறுகிறது. நல்ல மென்பொருள்கள் அடுத்தடுத்த இணைகளைச் சேர்த்தே கணக்கிடுகின்றன.

சார்காஃப் விதியை ஒற்றை இழையில் தேடுவது

அடினைனும் தைமினும் சம அளவு, குவானைனும் சைட்டோசைனும் சம அளவு என்ற அந்த விதி இரட்டை இழைக்கு உரியது. ஃபை-எக்ஸ்-174 வைரஸின் ஒற்றை இழை டி.என்.ஏ.வில் அடினைனும் தைமினும் சம அளவில் இல்லை.

ஆர்.என்.ஏ.வை நீட்டிய நூலாக வரைவது

ஒற்றை இழைதான், ஆனால் தன்மேல் தானே மடியும். மடியும் இடத்தில் தண்டும் கண்ணியும் உருவாகும். அந்தத் தண்டுகளில் குவானைன் யுராசிலோடும் இணையும். இந்தத் தளர்ந்த இணையைப் பிழை என்று அடித்துவிட்டால், அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ.வின் மடிப்பை ஒருபோதும் சரியாக வரைய முடியாது. 1966இல் கிரிக் முன்வைத்த தள்ளாட்டக் கருதுகோளிலும் (மரபுக்குறியீட்டின் மூன்றாம் எழுத்தில் இணை சற்றுத் தளரலாம் என்பது) கு-யு இணைக்கு இடம் உண்டு.

டி.என்.ஏ.வைக் கையாள்வதுபோல் ஆர்.என்.ஏ.வைக் கையாள்வது

கூடாது. ரைபோஸின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில், காரத்தன்மையுள்ள கரைசலில் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கி இழையையே அறுத்துவிடும். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் நம் தோலிலும் உள்ளன. கையுறையை மாற்றிக்கொண்டு குழாயைத் திறங்கள்.